சேற்றடுப்பு முதல் ராக்கெட் அடுப்பு வரை

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் இரண்டு மாதங்கள் தொடர்ந்து அடுப்பு எரியாமல், பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்ததை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீக்கிரையானபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்குமுன் அதை அணைத்துவிடுங்கள் என நபியவர்கள் எச்சரித்ததும் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே அடுப்பின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

விறகடுப்பின் புகையை வெளியேற்ற ஹைதராபாத்தின் எஸ்.பி. ராஜு வகுத்த முறை, 1950களில் சென்னையில் நூலாகவே வெளிவந்தது. 1976இல் குவாத்தமாலாவை நிலநடுக்கம் உலுக்கிய பின்னர், அங்கே சேறும் மணலும் குழைத்து ‘லொரேனா’ என்னும் அடுப்பைக் கட்டினார்கள். ஸ்பானிய மொழியில் சேற்றையும் மணலையும் குறிக்கும் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். புகைபோக்கி இருந்ததால் சமையலறையில் புகை குறைந்தது, விறகோ மிச்சமாகவில்லை. பாத்திரத்துக்குச் சேரவேண்டிய சூட்டைக் கனத்த மண்சுவரே குடித்துவிட்டது! மண் தடித்தால் சூடு தங்கும் என்று நம் வீடுகளிலும் இன்றுவரை சொல்வதுண்டு. தங்குவது உண்மைதான், சுவரில் தங்குகிறது.

அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்து அப்ரோவெச்சோ ஆய்வு நிலையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் இதற்கு விடை கண்டார். பெரிய தகர டப்பாவுக்குள் நான்கு அங்குலக் குழாயை முழங்கை போல் வளைத்துப் பொருத்தி, சுற்றிலும் சாம்பலை நிரப்பினார். எடையற்ற சாம்பல் சூட்டைக் கடத்தாது. குழலுக்குள் வெப்பம் மிகுவதால், புகையாய் வீணாகும் வாயுவும் எரிந்துவிடுகிறது. சுள்ளியின் நுனி மட்டுமே எரிய, கீழிருந்து காற்று நுழைகிறது. இதுவே ராக்கெட் அடுப்பு.

அறையைச் சூடாக்க வேண்டுமெனில் கதை தலைகீழ். அங்கே கனத்த மண் தேவை. இயாந்தோ எவன்ஸ் என்பவர் வெப்பப் புகையை மண் திண்ணைக்குள் நீண்ட குழாய் வழியே ஓட்டி, பின்னரே வெளியேற்றினார். அடுப்பு அணைந்த பின்னும் திண்ணை நெடுநேரம் கதகதப்பாக இருக்கும்.

இவ்வடுப்பை வீட்டில் செய்ய முனைவோர், புகை தெரியவில்லை என்பதால் புகைபோக்கி வேண்டாம் என்று முடிவு கட்டலாகாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கதவடைத்த அறைக்குள் கரி மூட்டி உறங்கியோர் விடியலில் எழாத செய்திகளை நாம் படித்தே வருகிறோம். சஹருக்கு அடுப்பு மூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் உறங்கும் அறையில் அதை வைக்கவேண்டாம். வெளிச்சுவரைத் தாண்டும் குழாயும் திறந்த சாளரமும் இருந்தாக வேண்டும்.