பத்தடி நகர்ந்த மண்டையோடு

மாட்டின் மண்டையோடு ஒன்று சுமார் 10 அடி நகர்ந்ததற்காக ஓர் அரசாங்கம் பதில் சொல்ல நேர்ந்த கதை இது.

1936-ஆம் வருஷம் அமெரிக்காவில் கொடிய வறட்சி. குடியானவர்களின் கஷ்டத்தை நகரவாசிகளுக்குக் காட்ட, ராய் ஸ்டிரைக்கர் என்ற அதிகாரி புகைப்படக்காரர்களை அனுப்பி வந்தார். அவர்களில் ஒருவரான ஆர்தர் ரோத்ஸ்டீன், தெற்கு டக்கோட்டாவில் வெடித்துக் கிடந்த தரையில் ஒரு மண்டையோட்டைப் படமெடுத்தார். சற்றுத் தள்ளி வைத்தும் எடுத்தார். அதுவோ தேர்தல் வருஷம். ரூஸ்வெல்ட்டுக்கு ஆகாத பத்திரிகைகள் படமே புளுகு என்று கூச்சலிட்டன. வறட்சி மெய், வெடித்த தரை மெய், செத்த மாடும் மெய். அவ்வளவும் சந்தேகத்துக்குள்ளாயின.

1949-இல் மிஸ்ஸௌரி சர்வகலாசாலை ஆசிரியர் கிளிஃப்டன் ஈடம் ஒரு புகைப்படப் பயிற்சி முகாம் தொடங்கினார். ஸ்டிரைக்கரும் அங்கே பாடம் சொன்னார். பின்னர் வருஷத்துக்கு ஒரு சிற்றூராக முகாம் நடந்தது. அவ்வூர் உழவரும் கடைக்காரரும் வாழும் வாழ்க்கைதான் பாடபுத்தகம். முதலில் மனிதரோடு பழக வேண்டும்; எடுக்கப்போகும் கதைக்கு ஆசிரியர்களின் சம்மதம் பெற வேண்டும்; அப்புறந்தான் காமிரா. "இப்படி நில்லுங்கள், அப்படிப் பாருங்கள்" என்று யாரையும் நிறுத்தி வைத்து எடுக்கவே கூடாது.

கதை எழுதுகிறவன் மண்டையோட்டை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வாசகர்கள் கோபிக்க மாட்டார்கள். காமிராக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. குடியானவனுக்குச் சாட்சி சொல்ல வந்தவன் ஓரடி பிசகினாலும், தோற்றுப்போவது குடியானவனின் வழக்கு.