கைராசி டாக்டர், லேடி டாக்டர், கோஷா ஆஸ்பத்திரி

"லேடி டாக்டர்கிட்ட காட்டினியா?"

நம்ம ஊர்ல இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கண் டாக்டர் பெண்ணா இருந்தாலும் அவங்க கண் டாக்டர்தான். பல் டாக்டர் பெண்ணா இருந்தாலும் பல் டாக்டர்தான். லேடி டாக்டர்னா மட்டும் பிரசவம் பார்க்கிறவங்க. ஜென்ட்ஸ் டாக்டர்னு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு மருத்துவப் பிரிவுக்கே டாக்டர் ஆணா பெண்ணாங்கிறது பேராகிப் போச்சு. ஏன் இப்படின்னு யோசிச்சு கொஞ்சம் படிக்க ஆரம்பிச்சேன். அது 150 வருஷம் பின்னாடி இழுத்துட்டுப் போயிடுச்சு. (பயப்படாதீங்க, அசோகர் மரம் நட்டார் ரேஞ்சுக்கெல்லாம் போகமாட்டேன் :-))

முதல்ல டாக்டரே இல்லாத காலம். ஊர்ல பிரசவம் பார்த்தது மருத்துவச்சி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்தாங்க. ஆண்கள் முடிதிருத்துவாங்க, வைத்தியமும் பார்ப்பாங்க. பெண்கள் பிரசவம் பார்ப்பாங்க. யாரை அழைப்பதுன்னு வீட்டில் பெரிய ஆலோசனையெல்லாம் இருந்திருக்காது. ஊருக்கு ஒருத்தர், இல்லைன்னா ரெண்டு பேர். மாமியாருக்குப் பார்த்தவரே மருமகளுக்கும் பார்ப்பார். அந்தக் குழந்தைக்கு மாந்தம்னா உரசிக் கொடுக்கிறதும் அவரேதான். இன்னைக்கு 'பேமிலி டாக்டர்'னு ஏக்கத்தோட சொல்றோமே, அந்த வேலையை அன்னைக்குச் செய்தது இவங்கதான். ஆனா குழந்தை குறுக்கே கிடந்தாலோ, ரத்தப்போக்கு நிற்காமப் போனாலோ அவங்க கையில் செய்வதற்கு அதிகம் எதுவும் இல்லை.

1844ல் எழும்பூரில் அரசு பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு நமக்குத் தெரிந்த எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையோட ஆரம்பம் அதுதான். அப்போ பிரச்சினை தீர்ந்திருக்கணுமே? தீரலை. ஏழைப் பெண்கள் வந்தாங்க, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் வந்தாங்க. வசதியான இந்து வீட்டுப் பெண்களும் முஸ்லிம் வீட்டுப் பெண்களும் வாசலை மிதிக்கலை. டாக்டர் ஆம்பளை என்பது ஒரு காரணம். பக்கத்துக் கட்டிலில் எந்தச் சாதிப் பெண் படுத்திருப்பாளோ என்பது இன்னொரு காரணம். ரெண்டாவது காரணத்தை வரலாற்றில் பலரும் மென்னு முழுங்கிடுவாங்க. நாம முழுங்க வேண்டாம்.

நிற்க. இங்கேதான் மேரி ஷார்லிப் வர்றாங்க.

இவங்க இங்கிலாந்துக்காரர். வக்கீல் கணவரோட 1866ல் மெட்ராஸ் வந்தவர். பிரசவத்தில் டாக்டர் உதவி கிடைக்காமல் இந்தியப் பெண்கள் செத்துப் போற கதைகளைக் கேட்டுக் கேட்டு, முதல்ல எழும்பூர் ஆஸ்பத்திரியில் பேறுகாலப் பயிற்சி எடுத்தாங்க. அது போதாதுன்னு தெரிஞ்சதும் மருத்துவமே படிக்கணும்னு முடிவு பண்ணாங்க. சர்ஜன் ஜெனரலா இருந்த எட்வர்ட் பால்ஃபர் ஆதரவோட 1875ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் கதவு நாலு பெண்களுக்குத் திறந்தது. அதில் மேரியும் ஒருத்தர். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர ஒத்துக்கிட்டதே 1878ல்தான்னு சொன்னா, நம்ம கல்லூரி எவ்வளவு முன்னாடி நின்னதுன்னு புரியும்.

அப்புறம் லண்டன் போய் 1882ல் பட்டம் வாங்கி, விக்டோரியா மகாராணியை நேரில் பார்த்துப் பேசிட்டு, 1883ல் மறுபடி மெட்ராஸ் வந்தாங்க. 1885ல் ஆரம்பிச்சதுதான் பெண்களுக்கான அந்தப் புது ஆஸ்பத்திரி. அதோட பேரே 'சாதி மற்றும் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை'. சாதின்னா இங்கே உயர்சாதின்னு அர்த்தம். கோஷான்னா பாரசீகத்தில் மூலை. அதாவது மூலையில், திரைக்குப் பின்னால் இருக்கிற பெண்கள். உள்ளே பெண் டாக்டர், சாதிப்பழக்கத்துக்கு ஒத்து வருகிற ஏற்பாடு. வெங்கடகிரி ராஜா கொடுத்த பணத்தில் பிறகு சேப்பாக்கம் பக்கம் சொந்தக் கட்டடம் வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் கஸ்தூரிபா காந்தி பேர் வெச்சாச்சு. ஆனா திருவல்லிக்கேணியில் ஆட்டோ அண்ணன்கிட்ட இன்னைக்கும் 'கோஷா ஆஸ்பத்திரி'ன்னு சொன்னாலே போதும், கொண்டு போய் விட்டுடுவார்.

நோயாளிகள் வரமாட்டோம்னு நின்னாங்க. அவங்க வர்ற மாதிரி ஆஸ்பத்திரியை மாத்தினாங்க. எங்க பாஷையில் சொன்னா, யூசர் தொடலைன்னா டிசைனைத்தான் மாத்தணும். ஆனா இந்தக் கதையில் ஒரு நெருடல் இருக்கு. அது வேலூர் கதையில் இன்னும் நல்லாத் தெரியும்.

ஐடா ஸ்கட்டர் கதை உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1890களின் தொடக்கம், திண்டிவனம். ஐடா அப்போ டாக்டர் இல்லை, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்க அமெரிக்காவிலிருந்து வந்த இளம்பெண். அப்பாதான் டாக்டர். ஒரே ராத்திரியில் மூணு பேர் ஒருத்தர் பின்னால் ஒருத்தரா வந்து கதவைத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தரும் உயர்சாதி இந்து. மூணு பேர் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். 'எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போங்க'ன்னு ஐடா சொன்னதுக்கு, ஆம்பளை டாக்டர் வேண்டாம்னு மூணு பேரும் திரும்பிப் போயிட்டாங்க. விடிஞ்சதும் தெரிஞ்சது, மூணு பெண்களும் செத்துப் போயிட்டாங்க.

அந்த ராத்திரிதான் ஐடாவை டாக்டராக்கியது. 1899ல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம், 1900ல் வேலூரில் ஒரே ஒரு கட்டில் போட்ட வைத்தியசாலை, 1902ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்னைக்கு சிஎம்சின்னு நாம சொல்றது அப்படி வளர்ந்ததுதான்.

எல்லாரும் இந்தக் கதையை ஐடா பக்கத்திலிருந்து சொல்வாங்க. நியாயம்தான், பெரிய மனுஷி. ஆனா எனக்கு அந்த மூணு வீட்டுக்குள்ள என்ன நடந்திருக்கும்ங்கிற கேள்விதான் விடமாட்டேங்குது. கதவைத் தட்டினது கணவர்கள். வேண்டாம்னு சொன்னதும் கணவர்கள். உள்ளே வலியில் துடிச்சிட்டிருந்தவங்ககிட்ட 'டாக்டர் ஆம்பளைதான், வரச் சொல்லவா?'ன்னு யாராவது கேட்டாங்களா? அவங்களும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், கூச்சமும் பழக்கமும் அவ்வளவு ஆழம். சரின்னும் சொல்லியிருக்கலாம். ஆனா அவங்க பேச்சு எந்த ஏட்டிலும் இல்லை. பேர் கூட இல்லை. மெட்ராஸ் பெண்கள் பிடிவாதத்தால் ஆஸ்பத்திரி மாறிச்சுன்னு மேலே சொன்னேன் இல்லையா, அந்தப் பிடிவாதம் உண்மையில் யாருடையது? அந்தப் பெண்களுடையதா, அவங்க வீட்டு ஆண்களுடையதா?

மேரியும் ஐடாவும் செய்ததோட முக்கியத்துவமே இங்கேதான் இருக்கு. பெண் டாக்டர்னா கணவர் தடுக்கமாட்டார், சரி. அதைவிடப் பெரிசு என்னன்னா, அந்த அறையில் கதவைச் சாத்தினப்புறம் உள்ளே ரெண்டு பெண்கள் மட்டும்தான். எங்கே வலிக்குது, எத்தனை நாளா, முன்னாடி எத்தனை கரு கலைஞ்சிருக்குன்னு அவங்களே நேரடியா வாயைத் திறந்து சொல்லலாம். நடுவில் தூது கிடையாது.

அடுத்த தலைமுறையில் நம்ம ஊர்ப் பெண்களே இந்த வேலைக்கு வந்தாங்க. புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் டாக்டரானார். வேலூர் பள்ளியில் படிச்ச பெண்களுக்குக் கிடைச்சது எல்எம்பி எனும் டிப்ளமா. பழைய ஆட்கள் 'எல்எம்பி டாக்டர்'னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஆணோ பெண்ணோ, சின்ன ஊர்கள்ல குடும்ப டாக்டரா இருந்தவங்கள்ல நிறைய பேர் இவங்கதான். பிரசவம், குழந்தைக்கு வயித்தால, தாத்தாவுக்கு இருமல், எல்லாத்துக்கும் ஒரே ஆள், ஒரே மிக்ஸ்சர் பாட்டில் :-). 1946ல் வந்த போர் கமிட்டி அறிக்கை (சண்டை போர் இல்லைங்க, ஜோசப் போர்னு ஒருத்தர் பேர்) நாடு முழுக்க ஒரே மருத்துவப் பட்டம்தான் இருக்கணும்னு சொல்லிச்சு. எல்எம்பி காணாமப் போச்சு. தரம் உயர்ந்தது உண்மை. ஆனா அந்த ஒரே ஆளோட இடத்தில் இப்போ மகப்பேறுக்கு ஒருத்தர், குழந்தைக்கு ஒருத்தர், ஸ்கேனுக்கு ஒருத்தர்.

இதுக்கு நடுவில் 'ஆம்பளை டாக்டர் வேண்டாம்' என்பதும் மெல்ல இளகிச்சு. எழும்பூர் ஆஸ்பத்திரியின் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ஆ.லட்சுமணசாமி முதலியார். ஆமா, பிற்பாடு 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த அதே முதலியார்தான். மகப்பேறு மருத்துவத்துக்கு அவர் எழுதின பாடப்புத்தகம் பல தலைமுறை மாணவர்கள் கையில் இருந்தது. திறமையானவர்னு ஒருமுறை நம்பிக்கை வந்துட்டா நம்ம ஜனம் ஆண் பெண் பார்க்காது. அந்த நம்பிக்கைக்கு நாம வெச்ச பேர்தான் கைராசி!

பிரிட்டன்ல ஆன்சைட் இருக்கிற நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். 'இங்கே அந்தப் பிரச்சினையே இல்லைடா, பேமிலி டாக்டர்கிட்ட எல்லாரும் பதிஞ்சுக்கலாம்'னான். ஆனா அங்கேயும் அது சும்மா வரலை. 1911ல் வந்த காப்பீட்டுச் சட்டத்தில் வேலைக்குப் போறவர் பட்டியலில் இருந்து தனக்கு ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம். அவரோட மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. பிள்ளை பெறுகிறவளுக்கும் பிறக்கிற பிள்ளைக்கும் டாக்டர் உரிமை வர 1948 ஜூலை 5 வரைக்கும் காத்திருக்க வேண்டி இருந்தது.

இவ்வளவு ஆராய்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தங்கமணிக்கு இது அஞ்சாவது மாசம் :-). வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அம்மாவுக்குக் கைராசி முக்கியம். தலைப்பிரசவம் எங்க ஊர்லதான், அதனால டாக்டரும் எங்க ஊர் டாக்டர்தான்னு மாமியார். வளைகாப்பு முடிஞ்சு ஏழாம் மாசத்துக்கு மேல் புது டாக்டர்கிட்ட போனா பழைய விவரம் யாருக்குத் தெரியும்னு என் அக்கா. மாமனாருக்கு ரயில்வே கேட் மூடாத பாதையில் ஆஸ்பத்திரி இருக்கணும் (இது கொஞ்சம் நியாயம்). போன ஒரு இடத்தில் 43வது டோக்கன், மூணு மணி நேரம் காத்திருந்து நாலு நிமிஷம் தரிசனம். தங்கமணி ஒரு கேள்வி கேட்டதுக்கு, டாக்டர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

வெளியே வந்ததும் தங்கமணி சொன்னது இதுதான்: "கைராசி இருக்கட்டும், லேடியோ ஜென்ட்ஸோ யாரா வேணா இருக்கட்டும். நான் கேட்டா என்கிட்ட பதில் சொல்ற டாக்டர் வேணும்."

தமிழ்நாட்டில் இன்னைக்கு நூத்துக்கு 99க்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்குது. முத்துலட்சுமி ரெட்டி பேரில் கர்ப்பிணிகளுக்கு 1987ல் 300 ரூபாயில் ஆரம்பிச்ச உதவித்தொகை 2018ல் 18,000 ரூபாய் ஆச்சு. மேரியும் ஐடாவும் பார்த்திருந்தா கண் கலங்கியிருப்பாங்க. வாசலுக்கு வரவைக்கிற வேலை முடிஞ்சது. அதே நேரம் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம்ம மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தா 63.8 சதவீதம். இதில் எத்தனை அவசியமானவை, எத்தனை இல்லைன்னு சொல்ற தகுதி எனக்கில்லை. நிறைய உயிர்களைக் காப்பாத்துற அறுவை அது. ஆனா ஏன், எதுக்குன்னு அந்தப் பெண்கிட்ட நிதானமா யாராவது சொன்னாங்களான்னு கேட்கலாம் இல்லையா? திண்டிவனத்தில் அந்த ராத்திரி கேட்காமப் போன கேள்வியும் இதுவும் ஒரே கேள்விதான்.

டாக்டரைத் தேர்வு பண்றவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. கட்டணம், தூரம், கைராசி எல்லாம் பாருங்க. கூடவே, உங்க வீட்டுப் பெண் பேசும்போது டாக்டர் யார் முகத்தைப் பார்க்கிறார்னும் பாருங்க.

உங்க பாட்டிக்கு, அம்மாவுக்கு யார் பிரசவம் பார்த்தாங்க, அந்த ஆளை யார் முடிவு பண்ணாங்கன்னு கேட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. அந்தக் கதையெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். மருத்துவ ஆலோசனைக்கு மருத்துவரை அணுகவும் :-)