திருவையாறு ஆராதனை: கொடுத்தவர் யார்? பாடியவர் யார்?

ஒரு ஊரில் இசை விழா நடத்த என்ன வேண்டும்? பாடுகிறவர் வேண்டும், கேட்கிறவர் வேண்டும், ஒரு பந்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பணம் வேண்டும்! அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் விழாவின் உண்மையான வரலாறு தெரிந்துவிடும்.

உப்பூரிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள இந்தச் சேதுக்கரையில் மண்டகப்படி என்றால் தெரியாதவர் இருக்க முடியாது. பத்து நாள் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளின் செலவையும் ஒரு குடும்பமோ, ஒரு சமூகமோ, ஒரு தெருக்காரர்களோ ஏற்றுக்கொள்வார்கள். பூ, விளக்கு, பிரசாதம், நாதஸ்வரம், இரவுக் கச்சேரி எல்லாம் அதற்குள் அடக்கம். பதிலுக்கு அன்றைய தினம் அவர்களுக்குக் கோயில் மரியாதை உண்டு. தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். கொடுத்தவருக்கு மரியாதை என்பதுதான் இதன் அடிப்படை.

கச்சேரிக்கு இன்னொரு வழியிலும் பணம் வந்தது. அது அரண்மனை. ராமநாதபுரம் சமஸ்தானம் இதற்கு நல்ல உதாரணம். பாஸ்கர சேதுபதி (1868-1903) வாரி வழங்கியவர். 1893ல் விவேகானந்தர் சிகாகோ செல்ல உதவியவர்களில் ஒருவர். 'பூச்சி' ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860-1919) இந்தச் சமஸ்தானத்து வித்வான். அவருடைய சீடர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ஆனால் கொடுத்துக் கொடுத்தே சேதுபதி கடனில் மூழ்கினார். ஒரே ஒரு மனிதரின் கையை நம்பிய இசைக்கு, அந்தக் கை காலியானால் என்ன கதி?

இந்தக் கேள்விக்குக் காவிரிக்கரையில் ஒரு பதில் உருவாகிக்கொண்டிருந்தது. அதுதான் திருவையாறு.

அரிசியில் தொடங்கிய கதை

தியாகராஜர் 1767ல் திருவாரூரில் பிறந்தார். வாழ்ந்தது திருவையாற்றில். தஞ்சை அரசவையின் அழைப்பை அவர் மறுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாடிக்கொண்டே தெருவில் போய், வீடு வீடாக அரிசி பெறும் உஞ்சவிருத்திதான் அவருடைய வாழ்க்கை முறை. 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார். கடைசி நாட்களில் துறவு வாங்கியிருந்ததால் காவிரிக்கரையில் சமாதி வைத்தார்கள்.

அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சீடர்கள் அவரவர் வீட்டிலேயே திதி கொண்டாடினார்கள். சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1903ல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் சீர்செய்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்னும் சகோதரர்கள் ஆராதனையை ஒரு விழாவாகவே நடத்தத் தொடங்கினார்கள்.

வித்வான்கள் சன்மானம் வாங்காமல் பாடினார்கள். கேட்க வருகிறவரிடம் டிக்கெட் இல்லை. அப்படியானால் செலவு எதற்கு? சாப்பாட்டுக்கு! ஊர் ஊராக வருகிற பாடகர், பக்கவாத்தியக்காரர், சீடர், ரசிகர் அத்தனை பேருக்கும் நாள்கணக்கில் சமைத்துப் போட வேண்டும். பந்தல், பூஜைச் செலவு வேறு. அரிசியும் பணமும் திரட்டுகிறவர் கையில்தான் விழா இருந்தது.

திரட்டுகிற இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. சகோதரர்கள் பிரிந்தார்கள். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு அணிகள் ஆயின. பெரிய கட்சிக்குத் தூணாக நின்றவர் வயலின் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை. சின்னக் கட்சியைப் பிற்பாடு நடத்தியவர் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர். ஒரே மகானுக்கு ஒரே ஊரில் இரண்டு விழாக்கள்! ஒரு கட்சி ஆராதனைக்கு முந்தைய நாட்களில், இன்னொரு கட்சி ஆராதனை நாள் தொடங்கி அதற்குப் பிந்தைய நாட்களில். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். இரண்டிலுமே பெண்கள் பாட முடியாது.

நகையை விற்ற நாகரத்தினம்மாள்

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878ல் மைசூர் ராஜ்ஜியத்தின் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி மரபைச் சேர்ந்தவர். சென்னைக்கு வந்து, கச்சேரிகளாலும் ஹரிகதைகளாலும் பெரும் புகழும் செல்வமும் சேர்த்தார். படிப்பாளியும் கூட. முத்துப்பழனி என்ற தஞ்சைக் கவிஞர் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை 1910ல் முழுமையாகப் பதிப்பித்தவர் இவர். ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. சுதந்திரத்தின் போதுதான் தடை நீங்கியது.

1921ல் அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தியாகராஜர் சமாதி மோசமான நிலையில் இருப்பதாக அதில் இருந்தது. இரண்டு கட்சிகள் இரண்டு விழா நடத்தியும் சமாதியைக் கவனிக்க ஆளில்லை! நாகரத்தினம்மாள் சமாதியை ஒட்டிய நிலத்தை வாங்கினார். 1921 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார். நகைகளை விற்றார், சேமிப்பைப் போட்டார், கச்சேரி செய்து வந்த வருமானத்தையும் அங்கேயே கொட்டினார். 1925 ஜனவரி 7 அன்று கும்பாபிஷேகம் நடந்தது. இன்று திருவையாற்றில் நாம் பார்க்கிற தியாகராஜர் சந்நிதி அப்படி எழுந்ததுதான்.

மண்டகப்படிக் கணக்குப்படி பார்த்தால் இவருக்கு என்ன மரியாதை கிடைத்திருக்க வேண்டும்? ஒரு நாள் செலவை ஏற்றவருக்கே பரிவட்டம் என்றால், கோயிலையே கட்டியவருக்கு? ஆனால் நடந்தது வேறு. கட்டடத்தை ஏற்றுக்கொண்டவர்கள், கட்டியவர் அதன் முன் ஹரிகதை சொல்வதை ஏற்கவில்லை. பணத்துக்குத் தீட்டு இல்லை, குரலுக்கு மட்டும் தீட்டு!

அவர் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. 1927ல் பெண்களைத் திரட்டி, சந்நிதியின் பின்புறத்தில் தனியாக ஒரு விழாவைத் தொடங்கினார். 'பெண்கள் கட்சி' என்று அதற்குப் பெயர் வந்தது. ஆக, மூன்று கட்சி! வழிபாட்டு உரிமைக்காக வழக்கு மன்றம் வரைக்கும் போனார். பத்து ஆண்டுகளுக்கும் மேல் அந்த விழா நடந்தது.

ஒன்று சேர்ந்த குரல்கள்

1940ல் மூன்று அணிகளும் ஒன்றாயின. இதற்கு முயற்சி எடுத்தவர்களில் முக்கியமானவர்கள் முசிறி சுப்பிரமணிய ஐயரும், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமியும். 1941 முதல் பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் வந்தது. ஆண்களும் பெண்களும், பெரிய வித்வானும் நேற்று கற்கத் தொடங்கிய மாணவரும் ஒரே தரையில் உட்கார்ந்து பாடுவதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பார்த்திருப்பீர்கள். ஆதிகாலம் தொட்டு இப்படித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு நீண்ட சண்டைக்குப் பிறகு வந்த சமாதானம்.

நாகரத்தினம்மாள் கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். 1949ல் உயில் எழுதி, தன் சொத்தைச் சமாதியின் காரியங்களுக்காக ஓர் அறக்கட்டளையிடம் விட்டார். பெண்களின் பங்கேற்பு உரிமையையும் அதில் மறக்காமல் பதிவு செய்தார். 1952 மே 19 அன்று மறைந்தார். அவருடைய சமாதி தியாகராஜர் சந்நிதிக்கு அருகிலேயே இருக்கிறது. உள்ளே அவரை நோக்கிக் கைகூப்பிய சிலை.

மற்ற ஊர்களில்...

இந்தப் பணக் கேள்விக்கு வெவ்வேறு ஊர்கள் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன. பாஞ்சோவும் ஃபிடிலும் ஒலிக்கும் 'புளூகிராஸ்' என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு, முதல் பலநாள் விழா 1965ல் வர்ஜீனியாவின் ஃபின்காசிலில் ஒரு குதிரைப் பண்ணையில் நடந்தது. அங்கே டிக்கெட் வாங்கியவருக்கு இடம். அதே அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 1978ல் நம்மவர்கள் தொடங்கிய தியாகராஜர் ஆராதனை, கைக்காசும் உழைப்பும் போட்டுச் சிறிதாக ஆரம்பித்து, இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப்பெரிய கர்நாடக இசை விழாக்களில் ஒன்றாக வளர்ந்தது.

அரண்மனைப் பணமோ, டிக்கெட் பணமோ, ஊர்ப்பணமோ, எதுவானாலும் விழா நடக்கும். ஆனால் அது ஊருடைய விழாவாக ஆவது பணம் சேர்ந்த அன்று அல்ல. திருவையாற்றில் கோயில் எழுந்தது 1925ல். அதைக் கட்டியவர் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து பாட முடிந்தது அதற்கும் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான். அடுத்த முறை உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸ் கைக்கு வந்தால், நன்கொடையாளர் பட்டியலோடு மேடையில் பாடுவோர் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் விடுபட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா?