துளையும் வெடிப்பும்: ஒரு கணிப்பு முறையின் சமூக வரலாறு

தறையாணிகளால் தகடுகளை இணைத்து ஆக்கப்படும் எந்த அமைப்பும், அது பாலமாயினும் கப்பலாயினும் விமானமாயினும், எண்ணற்ற துளைகளைத் தன்னகத்தே கொண்டது. ஏறியிறங்கும் சுமையால் உலோகம் களைப்புற, அத்துளைகளின் விளிம்பிலே வெடிப்பு அரும்புகின்றது. அவ்வெடிப்பின் போக்கைக் கணிக்கும் முறை வளர்ந்த வரலாற்றைப் பாடநூல்கள் மேதைகளின் பெயர்வரிசையாகவே தருகின்றன. அப்பெயர்களை அவை தோன்றிய நிறுவனங்களோடும் தேவைகளோடும் பொருத்தி நோக்குதலே எமது முயற்சியாகும்.

இழுவிசைக்குட்பட்ட அகன்ற தகட்டில், வட்டத் துளையின் விளிம்பிலே தகைப்பு மும்மடங்காகும் என்பதை 1898 இல் கிர்ஷ் நிறுவினார். 1913 இல் இங்கிலிஸ், கப்பற் தகடுகளை மனங்கொண்டு, நீள்வட்டத் துளையை ஆராய்ந்தார். துளையின் முனை கூராகுந்தோறும் தகைப்புப் பெருகும். முற்றிலும் கூரான வெடிப்பில் அது எல்லையற்றதாகிவிடும். அவ்வாறாயின் வெடிப்புள்ள எப்பொருளும் சிறு சுமைக்கே முறிதல் வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. இம்முரண்பாட்டைச் சக்தியின் அடிப்படையில் அவிழ்க்க வழிகாட்டியவர், பான்பரோ அரச விமான ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய கிறிபித் (1921). வெடிப்பு முனையின் நிலையைத் தகைப்புச் செறிவுக் காரணி என்னும் ஒரே கணியத்தால் 1957 இல் விளக்கிய இர்வின், அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தவர். அதற்கு முந்திய ஆண்டிலேயே, வட்டத் துளையிலிருந்து கிளைக்கும் வெடிப்புக்குத் தீர்வு கண்ட போவி, வாட்டர்ரவுன் படைக்கலச் சாலையைச் சேர்ந்தவர். இம்மூவரின் முகவரிகளும் தற்செயலானவை என நாம் கருதவில்லை.

போவியின் தீர்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மிகச் சிறிய வெடிப்பு, துளையோரத்து மும்மடங்குத் தகைப்பை முழுமையாக ஏற்கின்றது. திறந்த விளிம்பின் விளைவாக மேலும் ஏறத்தாழ 12 சதவீதம் சேர, துளையற்ற தகட்டின் நடுவே அதே அரைநீளமுடைய வெடிப்புக்குரிய காரணியைப் போல 3.36 மடங்கு பெறப்படுகின்றது. வெடிப்பு நீளுந்தோறும் இவ்வாதிக்கம் தளர்ந்து, துளையும் வெடிப்பும் ஒன்றுசேர்ந்து ஒரு நீண்ட வெடிப்புப் போல இயங்கும். ஆணியின் தலை மறைத்திருக்கும் பருவத்திலேதான் துளை வெடிப்பை மிகுதியாகத் தூண்டுகின்றது என்பதே இதன் பொருள்.

1954 இல் இரு கொமெற் விமானங்கள், சனவரியில் எல்பாத் தீவருகிலும் ஏப்பிரலில் நேப்பிள்ஸுக்கு அப்பாலும், வானிலே சிதறி 56 பேர் மாண்டனர். முதலாவதன் சிதைவில், கூரைச் சாளரமொன்றின் அருகிலிருந்த ஆணித்துளை வரை முறிவு பின்தொடரப்பட்டது. அது ஏறத்தாழ 1,290 பறப்புக்களையே கண்டிருந்தது. உற்பத்தியாளரின் சோதனைத் துண்டோ 16,000 தடவைக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கியிருந்தது. காரணம் எளிது: அதே துண்டு முன்னர் மிகை அழுத்தத்துக்கு உட்படுத்தப்பட்டமையால், விளிம்புகள் இளகிச் செயற்கையான ஆயுள் பெற்றிருந்தன. ஒரே துண்டில் இரு சோதனைகளையும் முடித்துக்கொண்ட சிக்கனத்தை, தாரை விமானச் சந்தையில் முந்திக்கொள்ளும் அவசரத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

ஒவ்வொரு சுமைச் சுற்றிலும் வெடிப்பு வளரும் அளவைச் செறிவுக் காரணியின் வீச்சே தீர்மானிக்கும் எனப் போல் பரிசும் இருவரும் கூறிய கட்டுரையை முன்னணி ஏடுகள் ஏற்கவில்லை. 1961 இல் அது வாஷிங்டன் பல்கலைக்கழகப் பொறியியல் ஏடொன்றில் வெளிவந்தது. அதன்பின், வெடிப்பே இல்லை என்ற கொள்கை கைவிடப்பட்டது. 1974 இல் அமெரிக்க விமானப்படை, துளையில் 1.27 மில்லிமீற்றர் வெடிப்பு முதலிலிருந்தே உண்டு எனக் கொண்டு கணிக்கப் பணித்தது. லுசாக்காவில் 1977 இல் போயிங் 707 ஒன்று வீழ்ந்ததற்கு அடுத்த ஆண்டு, பயணிகள் விமானங்களுக்கும் இந்நோக்கு விதியாயிற்று. வெடிப்பு ஆபத்தான நீளத்தை எய்துமுன் பரிசோதகர் அதனைக் கண்டுபிடிப்பார் என்பது இப்புதிய கணிப்பின் உட்கிடை. இவ்வாறு, வடிவமைப்பாளரின் மேசையிலிருந்த பொறுப்பின் ஒரு பெரும்பகுதி தொழிலாளியின் கண்ணுக்கு மாற்றப்பட்டது.

1988 ஏப்பிரல் 28 இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோகா நிறுவனத்தின் போயிங் 737 இன் மேற்கூரை பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். குறுந்தூரப் பயணங்களால் அவ்விமானம் 89,680 பறப்புக்களைச் செய்திருந்தது. அங்கே தனியொரு வெடிப்பன்று, அடுத்தடுத்த துளைகளில் தோன்றிய பல சிறு வெடிப்புக்கள் ஒன்றோடொன்று இணைந்தன. ஏறும்போதே ஒரு பயணி வெடிப்பொன்றைக் கண்டிருந்தார், எவரிடமும் கூறவில்லை. கண்டுபிடிக்க வேண்டியவர்களின் நிலையை அமெரிக்க விசாரணை அறிக்கையே விவரிக்கின்றது: சாரத்தின் மீது விளக்கைச் சுமந்து ஏறி, விமானத்தின் உச்சியில் விழாதிருக்கச் சில வேளைகளிற் கொட்டகை உத்தரத்திற் கட்டிய கயிற்றிலே தம்மைப் பிணைத்து, ஆணி ஆணியாக அவர்கள் பார்த்துச் செல்ல வேண்டியிருந்தது.