கண்ணாடி பார்க்காத பாட்டி

தொப்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏதாவது ஒரு விபத்துச் செய்திதானே? தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில், சமதளமாக வந்துகொண்டிருந்த சாலை சட்டென்று சரிந்து மலைகளுக்கு நடுவே இறங்குகிற கணவாய் அது. 2020 டிசம்பரில் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல், வரிசையில் நின்றிருந்த வண்டிகளின் மேல் போய் விழுந்தது. கார்கள் அப்பளமாக நொறுங்கின. நாலு பேர் செத்துப்போனார்கள். டி.வி.யில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த இறக்கத்தில் வரும் லாரிகளின் முகப்பைக் கவனித்தால் சகல தெய்வங்களும் இருப்பார்கள். முனியப்பன், ஏழுமலையான், வேளாங்கண்ணி மாதா, நாகூர் ஆண்டவர். வேண்டுதல் ஒன்றுதான்: பத்திரமா இறங்கிடணும். நியாயமான வேண்டுதல். மனுஷன் கடவுளிடம் கேட்பதில் முக்கால்வாசி இதுதான். வண்டி கவிழக் கூடாது, காய்ச்சல் இறங்கணும், கடன் அடையணும்.

சரி, வண்டி கவிழ்ந்தே விட்டால்?

கிறிஸ்தவத்தில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. கி.பி. 50-களில் பவுல் என்பவர் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் வருகிறது. பவுல் சௌகரியமாக நாற்காலியில் உட்கார்ந்து உபதேசம் செய்தவர் இல்லை. சவுக்கடி, கல்லடி, கப்பல் கவிழ்ந்தது, ஜெயில், பட்டினி என்று தான் பட்டதையெல்லாம் அதே கடிதத்தில் பட்டியல் போடுகிறார். அப்படிப்பட்ட ஆள், இதெல்லாம் லேசான பாரம் என்கிறார். தராசின் மறுதட்டில் அவர் வைப்பது கண்ணுக்குத் தெரியாத, முடிவே இல்லாத ஒன்றை. நம்ம ஊர் கிறிஸ்தவர்கள் அதை 'நித்தியம்' என்பார்கள்.

எழுதிவிடலாம். இழவு வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். சொல்லுகிறவர் பாரம் சுமந்தவராக இருந்தால் மட்டும்தான் இந்தப் பேச்சு எடுபடும். அப்படிச் சுமந்த ஒரு பெண்மணி வாழ்ந்த இடம் தொப்பூருக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

கணவாய்க்குக் கிழக்கே சேர்வராயன் மலை. அதற்கும் கிழக்கே சித்தேரி, கல்வராயன். தெற்கே இறங்கினால் கொல்லிமலை, பச்சைமலை. எல்லாமே மலையாளிப் பழங்குடிகள் வாழும் மலைகள். (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள், அவ்வளவுதான்.) நாமெல்லாம் ஓடுவது பெரிய ரோட்டில். நான் சொல்ல வந்த பெண்மணி ஓடியது அதை விட்டு விலகிய இந்த மலைகளில்.

ஈவ்லின் ஹாரிஸ். 1879-ல் பிறந்தவர். லண்டனில் வசதியான வணிகக் குடும்பம். ஓவியம் படித்தவர், டர்னரின் ஓவியங்கள் என்றால் உயிர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, 'மிஷனரியாகப் போகிறேன்' என்று கப்பலேறி சென்னை வந்துவிட்டார். இங்கே அவருக்கு அறிமுகமானவர் ஜெஸ்ஸி பிராண்ட். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர், ஈவ்லினைவிட ஆறு வயது சின்னவர். கட்டட வேலை தெரியும், லண்டனில் ஒரு வருஷம் வைத்தியப் பயிற்சியும் எடுத்திருந்தார். கொல்லிமலைக்குப் போகவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஆகாய கங்கையில் குளித்துவிட்டு சாயங்காலம் திரும்பிவிடுகிறோம். அன்றைக்கு ரோடே கிடையாது. மலையில் இருந்ததெல்லாம் மலேரியா. கீழ்நாட்டுக்காரர்கள் ராத்தங்க மாட்டார்கள். 1913-ல் கல்யாணம் முடிந்த கையோடு, மணக்கோலத்திலேயே, கொட்டுகிற மழையில் டோலியில் உட்கார்ந்து மேலே போனார் ஈவ்லின். கீழே செய்து, பாகம் பாகமாகப் பிரித்து, ஆட்களின் தலையில் ஏற்றிக் கொண்டுபோய் ஜெஸ்ஸி பூட்டிவைத்த மரவீடுதான் குடித்தனம். கறையான் ஏறாமலிருக்க தூண்களின் மேல் நின்ற வீடு.

அடுத்த சில வருஷங்களில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. மருந்து வாங்கிக்கொண்டார்கள் மக்கள். பாடம் படித்தார்கள். மதம் மாறியவர் ஒருவரும் இல்லை. மாறினால் ஊர் ஒதுக்கிவைக்கும் என்ற பயம். உள்ளூர்ப் பூசாரிகளுக்கும் இவர்கள் வரவு பிடிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பிழைப்பு இல்லையா?

பிறகு முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் விஷக் காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களைத் தின்ற அதே இன்ஃப்ளூயன்சா. கொல்லிமலையையும் விடவில்லை. கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள் ஜெஸ்ஸியும் ஈவ்லினும். அவர்களை எதிர்த்துவந்த பூசாரிக்கும் காய்ச்சல், அவர் மனைவிக்கும் காய்ச்சல். சொந்த ஜனமே எட்டிப் பார்க்காத வீட்டுக்குள் இந்தத் தம்பதி போனார்கள். சாகிற நேரத்தில் தன் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார் பூசாரி. மலையில் சபை தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

மதமாற்றம் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் ஒன்று இருக்கிறது. அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம். இங்கே எனக்கு வேறு ஒரு விஷயம் ஆச்சரியம். மதத்தை அபினோடு ஒப்பிட்டு மார்க்ஸ் எழுதியது 1844-ல். மறுமையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் இம்மையைக் கோட்டை விடுவான் என்பது இன்றுவரை நாம் சொல்லிவரும் குற்றச்சாட்டு. பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால், இந்த ஜெஸ்ஸி என்ன செய்தார் பாருங்கள். மலை ஜனங்களை நரம்புச் சிலந்தி வாட்டிக்கொண்டிருந்தது. காலில் புண்ணாகி, அதிலிருந்து நூல் மாதிரி புழு வெளிவரும். இழுத்தால் அறுந்து உள்ளேயே அழுகிவிடும். ஒரு குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் சுற்றி எடுக்கவேண்டும். ஜெஸ்ஸி அதைச் செய்தார். அதோடு நிற்காமல், கிணற்றுக்குள் ஜனங்கள் கால் வைத்து இறங்குவதால்தான் புழு பரவுகிறது என்று சொல்லி, சுற்றிலும் கல்சுவர் எழுப்ப வைத்தார். ஆரஞ்சுக் கன்று கொடுத்தார், பள்ளிக்கூடம் கட்டினார். நித்தியத்தை நம்பிய மனுஷன், குடிக்கிற தண்ணீரில் இவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்!

இரண்டு குழந்தைகள். 1914-ல் பால், அடுத்து கானி. மலையில் மரமேறி, வெறுங்காலோடு சுற்றி வளர்ந்தவர்கள். 1923-ல் இருவரையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய், படிப்புக்காகச் சொந்தக்காரர்கள் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் மட்டும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது 9 வயது.

இந்த இடம் எனக்கு உறுத்துகிறது. அன்று இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். இருந்தாலும், நித்தியத்துக்காகக் கஷ்டப்படுவது என்று முடிவெடுத்தது பெரியவர்கள் இரண்டு பேர். பங்கு போட்டுச் சுமந்தது நாலு பேர். ஒன்பது வயசுப் பையனிடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்?

கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. மலையில் பார்த்த மரம், பறவை, பூச்சி என்று ஜெஸ்ஸி மகனுக்கு எழுதுவார். ஆறு வருஷம் கழிந்தது. 1930-ல் அப்பாவும் அம்மாவும் லீவில் வருவதாக ஏற்பாடு. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் 'பிளாக் வாட்டர்' காய்ச்சல். இறந்துபோனார். வயது 44.

தந்தி உடனே லண்டன் போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் அல்லவா வரவேண்டும்? பதினைந்து வயது நிறையாத பாலுக்கு, அப்பா இறந்த செய்தி வந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மலையில் நடந்ததையும், ஊருக்கு வரப்போவதையும் சொல்லும் கடிதங்கள். இதை நினைத்தால் எனக்கு நித்தியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்தப் பையனுக்கு அப்பா திரும்பக் கிடைத்தால் போதும் என்றுதான் தோன்றும்.

ஈவ்லினுக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா? சிறிது காலம் கழித்து அவர் இங்கிலாந்து வந்தபோது, துறைமுகத்தில் இறங்கிய அந்தக் கூனிக் குறுகிய பெண்மணி தன் தாய்தானா என்று அதிர்ந்துபோனதாகப் பிற்காலத்தில் பால் எழுதியிருக்கிறார். நம்பிக்கை அந்த அம்மாளைத் துக்கத்திலிருந்து காப்பாற்றிவிடவில்லை. இந்த நேர்மைக்காகவே பாலின் சாட்சியத்தை நான் நம்புகிறேன்.

அப்புறம் அவர் செய்ததுதான் விசேஷம். தனியாக இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஜெஸ்ஸியும் அவரும் சேர்ந்து ஒரு கனவு வைத்திருந்தார்கள், ஐந்து மலைத் தொடர்களுக்குப் போகவேண்டும் என்று. ஆனது ஒன்றுதான், கொல்லி. பச்சைமலை, கல்வராயன், தர்மபுரி பக்கத்துச் சித்தேரி எல்லாம் பாக்கி. மிஷன் அவரைச் சமவெளியில் வேறு வேலைகளில் வைத்திருந்தது. எழுபது வயதை நெருங்கும்போது ஓய்வும் கொடுத்துவிட்டது. மலைக்குப் போக இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தார். முடியாது என்றார்கள். 'சரி, உங்கள் வேலையிலிருந்துதானே ஓய்வு?' என்கிற மாதிரி, தன் சொந்தப் பொறுப்பில் மலையேறிவிட்டார்!

மலை மட்டக்குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. கையில் மருந்துப் பெட்டி. பல தடவை குதிரையிலிருந்து விழுந்தார். எலும்பு முறிந்தது. நடை தள்ளாடியதும் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். வேண்டாம் என்று விடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 'கிரானி பிராண்ட்' என்றால் மலைகள் எல்லாவற்றுக்கும் தெரியும். மகன் அதற்குள் பெரிய டாக்டர். 'போதும்மா, கீழே வந்துடுங்க' என்று மன்றாடினார். உபயோகப்படுத்தாமல் இந்தக் கிழட்டு உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன ஆகப்போகிறது என்பது தாயின் பதில். கடைசி இருபது வருஷமும் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை.

நான் படித்தது பி.காம். ஒரு மெஷின் வாங்கினால் அதன் மதிப்பு வருஷாவருஷம் குறையும், தேய்மானம் என்று எழுதிவைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாமெல்லாம் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பாட்டி அந்தப் பேரேட்டையே வீட்டிலிருந்து தூக்கிப் போட்டிருக்கிறார்.

மகன் டாக்டர் என்றேனே, அவர் சாதாரண டாக்டர் இல்லை. அப்பாவின் சீழ் வைத்தியத்தைப் பார்த்து அருவருத்து, வைத்தியமே வேண்டாம் என்று முதலில் கொத்து வேலை, தச்சு வேலை கற்றுக்கொண்டவர் பால். பிறகு மனம் மாறி லண்டனில் டாக்டருக்குப் படித்து, குண்டு விழுந்த காலத்தில் அங்கேயே அறுவை சிகிச்சை பழகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்தபோது, அதில் இன்னும் நல்ல வலு இருப்பதைக் கவனித்தார். அதுவரை யாரும் கவனிக்கவில்லை. அந்த விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகள் வேலூரில் அங்கிருந்துதான் தொடங்கின.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடு பட்டு, வெட்டுப்பட்டு, கவனிக்காமல் விட்டு, அழிந்துபோகின்றன. சில பேருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் காணோம். என்ன மாயம் என்று கண்விழித்துப் பார்த்தார்கள். எலி! வலி தெரியாததால் தூங்குகிறவனுக்கு விழிப்பு வரவில்லை. அதற்கப்புறம் குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார் டாக்டர் பிராண்ட்.

வலியைப் பற்றி அவர் பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993-ல் ஒரு புத்தகம் எழுதினார். யாருக்கும் வேண்டாத பரிசு என்று அதன் தலைப்பிலேயே வலிக்குப் பெயர் வைத்திருந்தார். அதில் கொல்லிமலையும் வருகிறது, அந்தத் தந்தியும் வருகிறது. 2003-ல் அமெரிக்காவில் இறந்தார்.

தாய் 1974-லேயே போய்விட்டார், 95 வயதில். நடக்க முடியாமல் போன கடைசி நாட்களில் மலைக்காரர்களே அவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கொல்லிமலையில், 45 வருஷத்துக்கு முன் ஜெஸ்ஸியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவரையும் வைத்தார்கள்.