பேரு பட்டியல்ல இருக்கா? ஆலை வாசல்ல இருந்து ஆயுஷ்மான் கார்டு வரைக்கும்

இந்த எபிசோடை ஒரு ஃபார்ம்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்த நாள். நிர்வாகம் 1954 நவம்பர் 1-லேயே கைமாறிடுச்சு, ஆனா ஒப்பந்தம் அமலுக்கு வந்தது இந்த நாள்லதான். அதுல ஒரு விதி. இங்கேயே பொறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாவே இந்தியக் குடிமக்கள் ஆயிடுவாங்க. பிரெஞ்சுக் குடியுரிமையே தொடரணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். எழுதிக் கொடுத்த குடும்பங்கள்ல இன்னைக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. யோசிச்சு வேண்டாம்னு விட்டவங்களுக்கும், விஷயமே காதுக்கு வராதவங்களுக்கும் கடைசியில முடிவு ஒண்ணுதான்.

சாஃப்ட்வேர்ல இதுக்கு டீஃபால்ட்னு பேரு. நீங்க எதையும் தொடலைன்னா, சிஸ்டம் உங்களுக்காக எடுக்கிற முடிவு.

இன்னைக்குத் தலைப்பு குடியுரிமை இல்ல, மருத்துவக் காப்பீடு. ஆனா கேள்வி அதேதான். ஒரு உரிமை சட்டத்துல இருக்கு. அது உங்க கைக்கு வரணும்னா யார் ஃபார்ம் எழுதணும்? நீங்களா, முதலாளியா, அரசாங்கமா?

ஆலை வாசல்

1936 ஜூலை 30. புதுச்சேரி சவானா ஆலையில வேலைநிறுத்தம் செஞ்ச தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டதுல 12 பேர் இறந்தாங்க. வருஷா வருஷம் அந்தத் தேதியில தியாகிகள் தினம் நடக்கிறதை நீங்க பார்த்திருப்பீங்க. போராட்டத்தை முன்னாடி நின்னு நடத்தினவர் வ. சுப்பையா. அப்போ பிரான்ஸ்ல லியோன் ப்ளூமோட மக்கள் முன்னணி ஆட்சி. 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவுக்கு ஒரு ஆணை வந்தது: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. ஆசியாவிலேயே இதுதான் முதல்னு தொழிற்சங்கங்கள் இன்னைக்கும் பெருமையா சொல்றாங்க.

நம்ம தலைப்புக்கு இதுல என்ன இருக்குன்னா, எட்டு மணி நேரத்துக்குத் தொழிலாளி தனியா விண்ணப்பம் போட வேண்டியதில்ல. சட்டம் ஆலையைக் கட்டுப்படுத்துச்சு. ஆலைக்குள்ள வேலை பார்த்தாலே அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

நேரு போட்ட கையெழுத்து

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவுல, 1943-ல பி.பி. அதார்க்கர்ங்கிற பொருளாதாரப் பேராசிரியர்கிட்ட ஒரு வேலை கொடுத்தாங்க. தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு எப்படி அமைக்கலாம்? 1944-ல அவர் அறிக்கை கொடுத்தார். அதுல இருந்து வந்ததுதான் 1948-ஆம் வருஷ இ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24-ல கான்பூர்லயும் டெல்லியிலயும் 1,20,000 தொழிலாளர்களோட ஆரம்பிச்சது. கான்பூர்ல தொடங்கிவெச்சது நேரு. முதல் கௌரவ காப்பீட்டாளரும் அவர்தான். அவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவத்தை இ.எஸ்.ஐ. கழகம் இன்னும் பொக்கிஷம் மாதிரி வெச்சிருக்கு.

பிரதமரே ஃபார்ம்ல கையெழுத்து போட்டாரு. ஆனா திட்டத்தோட புத்திசாலித்தனம், ஃபார்மைத் தொழிலாளி தலையில கட்டாததுதான். பதிவு செய்யறது முதலாளியோட கடமை. முதலாளி சந்தா கட்டாம ஏமாத்தி, அதனால தொழிலாளிக்குச் சலுகை போச்சுன்னா, கழகமே அந்தச் சலுகையைக் கொடுத்துட்டு முதலாளிகிட்ட வசூலிக்கலாம்னு 1948 சட்டத்துலயே எழுதியிருந்தாங்க. இப்போ கணக்கு எப்படின்னா, சம்பளம் 20,000 ரூபாய்னா உங்ககிட்ட 150 பிடிப்பாங்க, முதலாளி 650 போடணும். குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. புதுச்சேரில கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது இதுக்காகத்தான்.

ஆலை மூடினா?

இதுல ஒரு பக் இருக்கு. எல்லாமே வேலையோட கட்டியிருக்கு. வேலை போனா சந்தா நிக்கும், சந்தா நின்னா கொஞ்ச மாசத்துல சிகிச்சையும் நிக்கும்.

2011 டிசம்பர் 30, தானே புயல். ஏ.எஃப்.டி. ஆலை பலமா அடிவாங்குச்சு. 2020 ஏப்ரல் 30-ஓட ஆலையே மூடியாச்சு. எந்த ஊர் தொழிலாளி உரிமையை ஆலை வாசல்ல வாங்கினானோ, அந்த ஊர்ல இப்போ ஆலை இல்ல. இருக்கிறது ஹோட்டல், கட்டட வேலை, டெலிவரி, வீட்டு வேலை. ஃபார்ம் எழுத வேண்டிய முதலாளி யாருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு தகவல், குறிச்சுக்கோங்க. அஞ்சு வருஷமாவது இ.எஸ்.ஐ.-ல இருந்து வயசாகி ஓய்வு பெற்றவங்க, வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினா தனக்கும் துணைக்கும் சிகிச்சை தொடரும். ஆனா இங்க டீஃபால்ட் தலைகீழ். அவங்களேதான் போய் எழுதிக் கொடுக்கணும். 1962 மாதிரியே.

பட்டியல்

2018 செப்டம்பர் 23-ல ஆயுஷ்மான் பாரத் வந்தது. அட்மிட் ஆகிப் பார்க்கிற சிகிச்சைக்கு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. இதுக்கு விண்ணப்பமே கிடையாது. 2011-ல எடுத்த சமூக பொருளாதாரக் கணக்கெடுப்பை வெச்சு, சுமார் 10.74 கோடி குடும்பங்கள் தகுதி உள்ளவங்கன்னு முடிவு பண்ணாங்க. நகரத்துல வீட்டு வேலை செய்யறவங்க, தெரு வியாபாரி, கொத்தனார், பெயின்டர், டிரைவர்னு தொழில் வாரியா.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2011-ல வாடகை வீட்டுல இருந்தவங்க அதுக்கப்புறம் எத்தனை வீடு மாறியிருப்பாங்க? பட்டியல்ல பேர் இருந்தும் தெரியாதவங்க, ஏழையா இருந்தும் பட்டியல்ல இல்லாதவங்க, ரெண்டு வகையும் உண்டு. அதனாலதான் திட்டத்துல சேர்ந்த மருத்துவமனைகள்ல ஆரோக்கிய மித்ரான்னு ஒருத்தரை உட்கார வெச்சாங்க. பட்டியல்ல பேரைத் தேடி, கார்டு எடுக்க உதவுறதுதான் அவங்க வேலை.

மாடி வீட்டுப் பாட்டி

2024 அக்டோபர் 29-ல இன்னொரு படி. 70 வயசு ஆனவங்க யாரா இருந்தாலும், வருமானம் பார்க்காம 5 லட்சம் வரை. ஆதார்ல வயசு இருந்தாப் போதும்.

எங்க மாடியில குடியிருக்கிற பாட்டிக்கு நான்தான் ஆப்ல போட்டுப் பார்த்தேன். கைரேகை விழலை, தேய்ஞ்சு போச்சு. ஓடிபி எப்பவோ தொலைஞ்ச நம்பருக்குப் போச்சு. முகத்தைக் காட்டினா எடுத்துக்கிச்சு, ஆனா 'தகுதி இல்லை'. ஆதார்ல வயசு 67. "எனக்கு எழுபத்து மூணு தம்பி, பிரெஞ்சுக்காரன் இருந்தப்பப் பொறந்தவ"ங்கிறாங்க.

அப்போதான் எனக்கு உறைச்சது. அந்த அக்டோபர் 29-ல 70 வயசு ஆனவங்கன்னா, 1954 அக்டோபர் 29-க்குள்ள பொறந்தவங்க. பிரெஞ்சு நிர்வாகம் போனது நவம்பர் 1. அதாவது அன்னைக்கு இந்தத் திட்டத்துக்குத் தகுதி பெற்றவங்கள்ல, புதுச்சேரி டவுன்ல பொறந்த ஒவ்வொருத்தரும் பிரெஞ்சு ஆட்சியில பொறந்தவங்க! பிரெஞ்சுக்காரங்க பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்தையும் நகராட்சிப் பதிவேட்டுல எழுதி வெச்சாங்க. 'எத்தா சிவில்'னு பேரு.

போய்த் தேடினோம். பாட்டி பேர் பிரெஞ்சு எழுத்துல, வேற மாதிரி ஸ்பெல்லிங்ல இருந்தது. 1952. அந்தப் பிறப்புச் சான்றிதழை வெச்சு ஆதாரைத் திருத்தி, அப்புறம் கார்டு வாங்க ரெண்டு மாசம் ஆச்சு. 'தகுதி இல்லை'ன்னு வந்தப்பவே நான் ஆப்பை மூடியிருந்தா, சிஸ்டத்தோட முடிவுதான் பாட்டியோட முடிவு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. 14555-க்குப் போன் பண்ணுங்க, இல்லன்னா ஆயுஷ்மான் ஆப்ல தேடுங்க. அட்மிட் ஆகிற அன்னைக்கு இல்ல, இந்த ஞாயித்துக்கிழமையே.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.