ராஜாபாய் மணிக்கூண்டும் பம்பாய் நேரமும்

ராஜாபாய் மணிக்கூண்டு, மும்பைப் பல்கலைக்கழகத்தின் கோட்டைப் பகுதி வளாகத்தில் ஓவல் மைதானத்தைப் பார்த்தபடி நிற்கும் 280 அடி உயரக் கோபுரமாகும். சென்னை, கல்கத்தா பல்கலைக்கழகங்களைப் போலவே பம்பாய்ப் பல்கலைக்கழகமும் 1857-இல் தொடங்கப்பட்டது. இந்தக் கோபுரத்துக்கும் அதை ஒட்டிய நூலகத்துக்கும் 1869 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1878 நவம்பரில் பணி முடிந்தது. வரைபடம் தந்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

பணம் கொடுத்தவர் பருத்தி வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்ததால் இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து வரவேண்டிய பருத்தி நின்றுபோனது. பம்பாய்ப் பருத்தியின் விலை ஏறியது. அந்த வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த பிரேம்சந்த், போர் முடியும் முன்பே நூலகத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கோபுரத்துக்கு 2 லட்சம் ரூபாயும் வழங்கினார். கோபுரத்துக்குத் தம் தாயார் ராஜாபாயின் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்து அவரும் நொடித்துப் போனார். கொடுத்த கொடை மட்டும் நின்றது.

ராஜாபாய் கண்பார்வை இல்லாதவர் என்றும், சமண நெறிப்படி சூரியன் மறைவதற்குள் உணவு உண்பவர் என்றும், பிறர் உதவியின்றி அவர் பொழுதை அறியவே மகன் மணி அமைத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. பணம் கொடுத்து 14 ஆண்டுகள் கழித்துத்தான் கோபுரம் எழுந்தது என்பதைப் பார்த்தால், தாயின் அன்றாட உணவு நேரத்துக்காகக் கட்டியது என்பதை அப்படியே ஏற்பது கடினம். ஆனாலும் மணியோசை யாருக்காக என்ற கேள்வியை இக்கதை எழுப்புகிறது. சில ஆண்டுகளிலேயே அந்தக் கேள்வி பெரிய வழக்காக வெடித்தது.

அக்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தன் சூரியனை ஒட்டிய நேரம் இருந்தது. பம்பாய் நேரம் கிரீன்விச்சைவிட 4 மணி 51 நிமிடம் முன்னே; சென்னை நேரம் 5 மணி 21 நிமிடம் முன்னே. இரண்டுக்கும் அரை மணி இடைவெளி. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகம் கணித்த சென்னை நேரத்தையே ரயில்வேக்கள் பொது நேரமாகக் கொண்டன. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையில் சென்னை இருப்பது அதற்கு வசதியாயிற்று.

1881 இறுதியில் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன், அரசு அலுவலகங்கள் சென்னை நேரப்படி இயங்க வேண்டும் என ஆணையிட்டார். ஊர்க் கடிகாரத்தில் ஒன்பதரை ஆகும்போதே அலுவலகத்தில் பத்து அடித்துவிடும். வணிகர்களும் பொதுமக்களும் எதிர்த்தனர். பூசை, தொழுகை, சாப்பாடு எல்லாம் சூரியனைப் பார்த்து நடக்கும்போது, வேறொரு ஊரின் நேரம் தங்களுக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம்.

ஊரே பார்க்கும் பெரிய கடிகாரம் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. 1883-இல் அதன் ஆட்சிப் பேரவை, கோபுரக் கடிகாரம் பம்பாய் நேரத்தையே காட்டும் என்று முடிவு செய்தது. சென்னை நேரத்தைக் காட்டினால்தான் இரவில் கடிகார முகத்துக்கு விளக்கேற்றும் செலவைத் தருவோம் என்றது அரசு. விளக்குச் செலவைப் பிடித்துவைத்து ஒரு பல்கலைக்கழகத்தைப் பணியவைக்கப் பார்த்தது அற்பமான செயல்தான். பேரவை மசியவில்லை. பின்னர் அரசே தன் ஆணையைக் கைவிட்டது. அந்தக் கோபுரத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே.

1906 சனவரி 1 முதல் இந்தியச் சீர் நேரம் வந்தபோது சண்டை மீண்டும் மூண்டது. இம்முறை இடைவெளி 39 நிமிடம். ஜேக்கப் சாசூன் ஆலைத் தொழிலாளர்கள் அதே மாதம் வேலையை நிறுத்திப் போராடினர். விடியுமுன் ஆலை வாசலில் நிற்க வேண்டியவர்களுக்கு 39 நிமிடம் என்பது தூக்கத்தில் போகும் பங்கு. மாநகராட்சி பம்பாய் நேரத்தை விட 1950கள் வரை ஆயிற்று.

இன்று நாம் இதை உணர்வதில்லை. ஓசூரை எடுத்துக்கொள்வோம். நம் சீர் நேரம் கிழக்கு 82.5 பாகைக் கோட்டுக்கு உரியது. ஓசூர் இருப்பது ஏறக்குறைய 77.8 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் எனக் கணக்கிட்டால், ஓசூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 19 நிமிடத்துக்கு. சிப்காட் ஆலைகளின் ஷிப்ட் சங்கு அந்த 19 நிமிடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் மொழி மாறும், கடிகாரம் மாறாது. மாணவர்கள் ஒரு குச்சியை நட்டு, நண்பகலில் நிழல் மிகக் குறுகும் நொடியைப் பல நாள் குறித்துப் பார்க்கலாம்.

பழைய ஊர் நேரத்தை விடாத மணி இங்கிலாந்தில் இன்னும் ஒன்று உண்டு. ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் டாம் கோபுர மணி, இரவு 9 மணி 5 நிமிடத்துக்கு 101 முறை ஒலிக்கிறது. ஆக்ஸ்போர்டு கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால், அவ்வூரின் பழைய நேரப்படி அதுதான் 9 மணி. 101 என்பது கல்லூரியின் அன்றைய மாணவர் எண்ணிக்கை. அதே நாட்டின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலோ, கோபுர மணி அடிக்கும்போது அதன் கீழே நடந்தால் தேர்வில் தோல்வி என்று மாணவர்கள் ஒதுங்கிப் போவார்கள். எந்த ஊரிலும் தேர்வு பயம் ஒன்றுதான் போலும்.

ராஜாபாய் மணிக்கூண்டு ஒருகாலத்தில் பிரித்தானிய அரச வாழ்த்து உட்பட 16 இசைகளை ஒலித்தது. இப்போது கால் மணிக்கு ஒருமுறை ஒரே இசைதான். மேலிருந்து குதித்து உயிர்விட்ட நிகழ்வுகளால், ஏறிப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் நிதியுதவியுடன் கோபுரமும் நூலகமும் 2015-இல் புதுப்பிக்கப்பட்டன. 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மும்பைக் கட்டடத் தொகுதியில் இதுவும் அடங்கும். கடிகாரம் இப்போது இந்தியச் சீர் நேரத்தைக் காட்டுகிறது.